பெயர் நீக்கப்பட்ட முதல் இதழ்

என் பெயர் சுதர்சன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் மனைவி கலா வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. அங்கே என் பெயர் மிஸ்டர் நரசிம்மன். நரசிம்மன் என் மாமனார். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். நம் பக்கம் ஏது குடும்பப் பெயர்? கலா அப்பாவின் பெயரை எழுதினாள். சிட்னிக்கு வந்த பிறகு, சந்திரகலா நரசிம்மனின் கணவன் மிஸ்டர் நரசிம்மனாகத்தானே இருக்க வேண்டும்? ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இருபது வருஷமாக மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதுகூட அந்தப் பெயருக்கு நான் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

கலா ஊரிலேயே உளவியலில் எம்.ஏ. முடித்தவள். இங்கே வந்து விசாரித்தால், அந்தப் படிப்பு போதாது, இன்னும் நாலு வருஷம் படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அப்போது எங்கள் மகன் கைக்குழந்தை. எனக்கு வேலை கிடைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. “நீ படி கலா, நான் பார்த்துக்கறேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததை இத்தனை வருஷமாக எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உளவியல் துறையின் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் வேலை காலியாக, அதில் சேர்ந்தாள். பதினெட்டு வருஷமாக அதே கவுண்டர்.

பேராசிரியர்கள் மாடியில் மனத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். அழுகை வருகிற பிள்ளைகள் கீழே இறங்கி இவளிடம் வருகிறார்கள். கவுண்டருக்கு அடியில் ஒரு பெட்டி டிஷ்யூவும் ஒரு டப்பா கடலை மிட்டாயும் எப்போதும் இருக்கும். குறித்த நாளில் வேலையை முடிக்காதவன், காதலில் அடிபட்டவள், பாடம் மாறியதை இன்னும் அப்பாவிடம் சொல்லாதவன் என்று யார் வந்தாலும் முதலில் மிட்டாய், அப்புறம்தான் படிவம். மாடியில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இதையும் ஓர் ஆராய்ச்சி ஆக்கிவிடுவார்கள்.

சென்ற வருஷத் தொடக்கத்தில் டாக்டர் கேத்ரின் ஒரு யோசனையோடு வந்தார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து மாணவியாக வந்து இங்கேயே விரிவுரையாளரான தமிழ்ப் பெண். நாற்பது வயதுகூட இருக்காது. நாலாம் வருஷப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓர் ஆய்வு செய்கிறார்கள், அதை இரண்டு பேர் படித்து மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அந்த ஆய்வுகளுக்கென்றே ஓர் இதழ் தொடங்கினால் என்ன என்றார். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். அப்படிச் சொன்ன எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. கலா பொறுப்பெடுத்துக்கொண்டாள். இதழுக்குப் பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் போட்டு, கடைசியில் ‘மாணவர் உளவியல் இதழ்’ என்று வைத்தார்கள். இதற்கு எதற்கு மூன்று கூட்டம் என்று கேட்டேன். கலா குழம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இதழுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கட்டுரையைப் படித்துத் தேறும், தேறாது என்று சொல்பவர்களுக்கு அதை எழுதியது யார் என்று தெரியக் கூடாது. தெரிந்த பிள்ளை என்றால் கை தாராளமாகிவிடும், பிடிக்காத பிள்ளை என்றால் இறுகிவிடும். ஆகவே வருகிற ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டு, ‘எழுதியவர் பெயர் நீக்கப்பட்டுள்ளது’ என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்து, ஓர் எண் போட்டு அனுப்ப வேண்டும். கலா பெயரை முதல் பக்கத்திலிருந்து மட்டுமா எடுத்தாள்? நன்றி சொன்ன இடத்தில், அடிக்குறிப்பில், கோப்புக்குள்ளே கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்துக்கொள்கிற இடத்தில் என்று, தலையில் பேன் பார்ப்பது போல் தேடித் தேடி எடுத்தாள்.

சாப்பாட்டு மேசையிலும் எண்கள்தான். “நாலாம் நம்பர் இன்னைக்குத் திருத்தி அனுப்பிட்டா. ஏழாம் நம்பர்தான் இழுத்தடிக்கறான்” என்பாள்.

“நாலாம் நம்பர் யாரு? எனக்கு மட்டும் சொல்லேன்.”

“உங்ககிட்டச் சொன்னா கெல்லிவில் முழுக்கச் சொன்ன மாதிரி.”

இது அவதூறு. நாங்கள் குடியிருக்கும் கெல்லிவில்லில் பாதிப் பேருக்குத்தான் சொல்வேன்.

ஏழு கட்டுரைகள் தேறி, எல்லாம் முடிவான பிறகுதான் நாலாம் நம்பர் யார் என்று எனக்குத் தெரிந்தது. அதுவும் அவளுடைய அப்பா வழியாக. ஒரு மாலை கலாவைக் கூட்டிவரப் போயிருந்தேன். கவுண்டருக்கு முன்னால் வெளிர்நீலச் சீருடையும் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார். அறுபதை நெருங்குகிற வயது.

“தங்கச்சி, நான் வினுஷான்ர அப்பா, நித்தியானந்தன். பிள்ளை எழுதினது புத்தகத்தில வருதெண்டு சொன்னவள். பேர் முழுசா வருமோ எண்டு கேட்டுப்போட்டுப் போகலாமெண்டு வந்தனான்” என்றார்.

பரமட்டா பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. வீடு லிட்கமில். இதைக் கேட்பதற்காக வேலை முடிந்ததும் வீட்டுக்கு எதிர்த் திசையில் ரயிலேறி வந்திருக்கிறார். வினுஷாவின் கட்டுரை, ஆஸ்பத்திரியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்துப் பேசி வளர்கிற பிள்ளைகளைப் பற்றியது. அப்பாவுக்காக அவள் எத்தனை கவுண்டரில் பேசியிருப்பாளோ, இன்று அவளுக்காக அவர் ஒரு கவுண்டருக்கு வந்திருந்தார்.

கலா அலமாரியிலிருந்து வேறோர் இதழை எடுத்து விரித்தாள். “இங்கதாங்கண்ணா வரும், தலைப்புக்கு நேர் கீழே. வினுஷா நித்தியானந்தன்னு முழுசா.” பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “நாளைக்கு வேற யாராவது இவ கட்டுரையைப் பத்தி எழுதினா, இப்படிப் போடுவாங்க. நித்தியானந்தன், ஒரு கமா, அப்புறம் வி. அவ்வளவுதான்.”

“என்ர பேரோ முன்னுக்கு?”

“ஆமாங்கண்ணா. அவளுக்கு ஒரே ஒரு எழுத்துதான்.”

அவர் அங்கே கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். “பதினாறு வருசம் தங்கச்சி. வேலையில எல்லாரும் என்னை நிக் எண்டுதான் கூப்பிடுறவை. முதல் நாளே சூப்பர்வைசர் மனுசி, உன்ர பேர் என்ர வாயில வராது, நிக் எண்டு வைப்பம் எண்டிட்டா. நானும் ஓமெண்டிட்டன். கூடாத மனுசி இல்லை. ஆனா அவவுக்கு ஒரு புத்தகம் குடுக்கோணும். புத்தகம் வாற நாளுக்கு அடுத்த நாள் அவ பென்சனில போறா.”

“வெளியீட்டு அன்னைக்கே உங்க கையில தர்றேங்கண்ணா, முழுப் பேரோட. அது என் பொறுப்பு” என்றாள் கலா.

காரில் ஏறியதும் கேட்டேன். “ஊரார் பேரெல்லாம் போடறே. உன் பேர் எங்கே வருது?”

இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் குழு என்று மூன்று பெயர்கள் வருகின்றன: கேத்ரினும் இரண்டு பேராசிரியர்களும். கலாவின் பெயர் இல்லை.

“அந்தப் பக்கத்தை டைப் அடிச்சதே நான்தானுங்க. என் பேரை நானே எப்படி அடிச்சுக்கறது? நான் கிளார்க்குங்க.”

“கேத்ரின் கேக்கலையா?”

“கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தில் வின்ட்சர் சாலை முழுக்கச் சண்டை போட்டேன். யார் மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்திருந்தால் பாதி வழியிலேயே வாயை மூடியிருப்பேன்.

வெளியீடு செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு. நான் விடுப்பு எடுத்திருந்தேன். காலை பத்து மணிக்கு பரமட்டாவில் அச்சகத்துக்குப் போய் நூற்றிருபது பிரதிகளையும் வாங்கி, கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு பெட்டியை அங்கேயே பிரித்து, ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு விரித்தாள்.

முதல் கட்டுரை. தலைப்பு. அதற்குக் கீழே, எழுதியவர் பெயர் நீக்கப்பட்டுள்ளது. இரண்டாம் கட்டுரை. எழுதியவர் பெயர் நீக்கப்பட்டுள்ளது. ஏழு கட்டுரைகளிலும் அதே வரி, அழகான எழுத்தில், நல்ல தாளில்.

அச்சகத்தின் மேல் தவறில்லை. கலா ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு கோப்புகள் வைத்திருந்தாள், பெயரோடு ஒன்று, பெயர் இல்லாமல் ஒன்று. பெயரோடு இருந்ததைப் பூட்டி வைத்தே பழகியவள், பெயர் இல்லாததை அச்சுக்கு அனுப்பிவிட்டாள். கேத்ரினும் அச்சுக்குப் போகுமுன் பார்த்திருக்கிறார். பதினைந்து மாதமாக அந்த வரியைப் பார்த்துப் பார்த்து, அது இருவர் கண்ணிலும் படாமல் போயிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். “என் பொறுப்புன்னு சொன்னேங்க அவர்கிட்ட” என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

அச்சகத்தில் கேட்டோம். மறுபடி அச்சடிக்கச் செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்கள். கலா கேத்ரினைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே “தப்பு என்னுது” என்றாள்.

கேத்ரின் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு, “எனக்கும்தான் கண்ணு தெரியலக்கா. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுடலாமா?” என்றார்.

“நித்தியானந்தன் அண்ணன் நாளைக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்கணும். தள்ளிப் போட முடியாதுங்க.”

நான் என் என்ஜினியர் மூளையைத் தட்டி, பெயரை லேபிளில் அச்சடித்து ஒட்டிவிடலாமே என்றேன்.

“ஏனுங்க, இது என்ன ஊறுகாய் பாட்டிலா?” என்றாள். பிறகு போனில் சொன்னாள். “டாக்டர், எழுதினவங்களையே வரச் சொல்றேன். அவங்கவங்க பேரை அவங்கவங்க கையால எழுதட்டும். வேற யாரும் எழுத வேண்டாம்.”

ஏழு பேருக்கும் செய்தி போனது. ஒன்றரை மணிக்கு ஆறு பேர் வந்துவிட்டார்கள். வெளியீட்டு அறையில் நீளமான மேசையைப் போட்டு வரிசையாக உட்கார வைத்தாள். முதல் ஆள் தன் பக்கத்தைத் திறந்து, அச்சான வரியை ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தன் பெயரை எழுதி அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். பந்தியில் சாம்பார் வாளி போல இதழ்கள் நகர்ந்தன. முதலில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். பத்துப் பிரதி தாண்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாம் நம்பரான லெபனான் பையன் டாக்டர் மருந்து எழுதுகிற மாதிரி கிறுக்கினான். கலா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, படிக்கிற மாதிரி எழுத வைத்தாள்.

வினுஷா வரவில்லை. மூன்றரை மணி வரைக்கும் அவளுக்கு வேறொரு வளாகத்தில் தேர்வு. போன் அணைத்திருந்தது. நூற்றிருபது பிரதியிலும் நாலாம் கட்டுரை மட்டும் அப்படியே இருந்தது. கலா பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். வேறு யாரும் எழுத வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான்.

அப்போதுதான் நித்தியானந்தன் வந்தார். நாலு மணி விழாவுக்கு இரண்டரைக்கே. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ், இலங்கைக்காரர்கள் விசேஷத்துக்குப் பொரிக்கிற பலகாரம். கலா நேராக அவரிடம் போய் ஒரு பிரதியை நீட்டினாள்.

அவர் பக்கத்தைக் கண்டுபிடித்தார். தலைப்பைப் படித்தார். அதற்குக் கீழே விரலை வைத்தார்; அன்று கலா காட்டிய அதே இடம். “இதில என்ன எழுதிக் கிடக்கு தங்கச்சி?”

“எழுதியவர் பெயர் நீக்கப்பட்டுள்ளதுன்னு இருக்குங்கண்ணா. நான்தான் நீக்கினேன். திருப்பிப் போட மறந்துட்டேன்.” இதற்கு மேல் அவளால் முடியவில்லை. பதினெட்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தவள், தனக்கென்று ஒன்று இல்லாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தார். “அழாதேங்கோ. பேனை இருக்கோ?”

“வினுஷாதான் எழுதணும்...”

“பாதிப் பேர் என்ர தானே தங்கச்சி” என்றார்.

கேத்ரின் தன் பேனாவை அவரிடம் கொடுத்தார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். படிவம் நிரப்புகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பெரிய எழுத்தில். ஒரு பிரதிக்கு ஒரு நிமிஷம். அவசரமே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியையும் திறந்து கொடுத்தேன். நாலைந்து பிரதிக்குப் பிறகு ஒன்று இரண்டாம் பக்கத்தில் திறந்துகொண்டது. ஆசிரியர் குழு. மூன்று பெயர்கள். கீழே நல்ல வெற்றிடம்.

என் சட்டைப் பையிலும் ஒரு பேனா இருந்தது.

“நீங்கள் என்ன எழுதுறீங்கள்?” என்று கேட்டார் அவர்.

“இவ பேரை.”

எட்டிப் பார்த்தார். “ஓம். அது விடுபடக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

சந்திரகலா நரசிம்மன். கடந்துபோன நாலைந்து பிரதிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். முதல் பத்துப் பிரதியைக் கோபத்தில் எழுதினேன். முப்பதாவதில் கோபம் போய்விட்டது. அவள் பெயரை நான் இதற்கு முன் கையால் எழுதியதாகவே நினைவில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் அச்சில்தான் வந்தது. அன்று சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை நூற்றிருபது தடவை பெயர் எழுதிச் சரிக்கட்ட முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

நாலு மணிக்கு விழா தொடங்கியபோது நித்தியானந்தனுக்கு இன்னும் முப்பத்தைந்து பிரதிகள் பாக்கி. எழுதி முடித்தவை வாசலில் வந்தவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் துறைத் தலைவர் பேசினார். கேத்ரின் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெயரைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தோம், அதனால்தான் இந்தப் பெயர்கள் கையால் எழுதத் தகுதியானவை என்றார். அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியும்.

வினுஷா ஓடிவந்தாள், தோளில் பையோடு, மூச்சு வாங்க. அப்பாவைத் தேடி, கடைசி வரிசைக்கு வந்து, அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்தாள். அப்படியே அவர் பக்கத்தில் தரையில் குந்திவிட்டாள்.

“அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?”

“உன்ர பேரை எழுதுறன்.”

“தாங்கோப்பா, நான் எழுதுறன்.”

“பொறு” என்றார், பேனாவை விடாமல். “இன்னும் பதினெட்டுத்தான் கிடக்கு.”

அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் பதினெட்டையும் எழுதி முடித்தார். எல்லாவற்றுக்கும் முதலில் எழுதிய பிரதியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினார், நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோக.

திரும்பும்போது கலாவின் மடியில் ஒரு பிரதி இருந்தது. நித்தியானந்தனின் கையெழுத்தை இன்னொரு முறை பார்க்கத்தான் திறந்தாள். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

“இது உங்க எழுத்து.”

“ஆமா.”

“எத்தனை பிரதியில?”

“எல்லாத்துலயும்.”

அப்பாவின் பெயர் மேல் விரலை வைத்தாள். அவள் எம்.ஏ. தேர்வு எழுதிய நாட்களில் மாமனார் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, தேர்வு முடியும் வரை கல்லூரி வாசலில் நிற்பாராம். “அப்பா பார்த்திருந்தா...” என்று தொடங்கி முடிக்காமல் அழுதாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்க பேரையும் ஒரு ஓரமாப் போட்டிருக்கலாமே” என்றாள் பிறகு.

“அதான் போட்டிருக்கே. நரசிம்மன்.”

அழுகையோடு சிரித்தாள். சிக்னலில் வண்டி நின்றது. இருபது வருஷம் தாமதமாக, முன்னால் இருந்த லாரியைப் பார்த்தபடி சொன்னேன். “நீ படி கலா. நான் பார்த்துக்கறேன்.”

அவள் மடியிலிருந்த பிரதியை மூடினாள். ஐம்பது வயதில் என்ன படிப்பு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ளிகேஷனுக்கு நவம்பர் பதினஞ்சு கடைசித் தேதி” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு வருஷமும் அந்த நோட்டீஸை ஒட்டறது நான்தானுங்களே.”